வெந்த கைக்கு வெள்ளைக் கிறீமா, பரபின் கோஸா?

தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) எங்கள் காம்பராவில் இரண்டு கைகள் வெந்திருக்கின்றன. ஐந்து வருஷத்துக்கு முந்தி அம்மாவின் கை. மலைக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் கேத்தலின் பிடி கழன்று, கொதித்த தண்ணி முன்கையில் கொட்டிவிட்டது. போன மார்கழியில் என் கை. சோற்றுப் பானையைத் திறக்கும்போது ஆவி அடித்து, மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்குக் கொப்புளித்தது. அம்மாவுக்கு வெள்ளைக் கிறீம் கொடுத்தார்கள். எனக்கு டொக்டர் இரண்டில் எதுவும் சரிதான் என்றார், நான் மெழுகெண்ணெய் ஊறிய வலைத்துணியான பரபின் கோஸைக் கேட்டு வாங்கினேன். மேலோட்டமான சின்னச் சுட்ட புண்ணுக்கு இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன்.

எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் தண்ணி, அதில் வித்தியாசமில்லை. ஓடுகிற தண்ணியில் 20 நிமிஷம் பிடிக்க வேண்டும். உடனே முடியாமல் போனாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. நம் பக்கத்துப் பீலித் தண்ணி விறைக்க வைக்கும். அதனால் வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள், குழந்தை என்றால் கட்டாயம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய், மை எதுவும் வேண்டாம்.

வெள்ளைக் கிறீம் என்பது 1 சதவீத சில்வர் சல்பாடயசின், வெள்ளியும் சல்பா என்ற கிருமி எதிர்ப்பு மருந்தும் சேர்ந்தது. 1960களில் அமெரிக்காவில் சார்ள்ஸ் பொக்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கினார். அந்தக் காலத்தில் பெரிய தீக்காயத்தோடு வந்தவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுத்தது புண்ணில் ஏறிய கிருமி, முக்கியமாக சூடோமோனாஸ் என்ற பக்டீரியா. அதை அடக்கியதால்தான் இந்தக் கிறீமுக்கு இவ்வளவு பெயர் வந்தது. பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் அடங்கும். அம்மா முதல் நாள் அதைப் பூசியதும்தான் கண்ணை மூடித் தூங்கினார்.

கஷ்டம் மறுநாள் தொடங்கியது. எனக்குக் கோஸைப் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கிறீமை ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புக்குப் பூச வேண்டும், நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. ஒவ்வொரு தடவையும் பழையதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் பூசலாம். எழுத ஒரே வரிதான். எங்களுக்கோ அது விடியற்காலையில் விறகு மூட்டித் தண்ணி கொதிக்க வைத்து, ஆறும் வரை காத்திருந்து, அரை மணித்தியாலத்துக்கு முன்பே அம்மாவுக்கு வலிக்குப் பெனடோல் கொடுத்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, ஈரக் கோஸ் துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்கிற வேலை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பார். முடிவதற்குள் மலையில் பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம்) கலைந்திருக்கும். அந்த வாரங்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

மூன்றாம் நாள் புண்ணின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படலம். "சீழ் புடிச்சிருச்சு புள்ள" என்று அம்மா அழுதார். அது சீழ் இல்லை, கிறீமும் புண்ணிலிருந்து ஊறிய நீரும் சேர்ந்து திரண்டது என்று எங்களுக்குத் தெரியாது. பயத்தில் இரண்டு நாள் கழுவாமல் பழையதின் மேலேயே பூசினேன். டிஸ்பென்சரியில் மிஸ்ஸி (நர்ஸ்) கட்டைப் பிரித்தபோது வந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, எப்படித் துடைப்பது, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று காட்டிக் கொடுத்தார்.

அந்தப் படலத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. அடியில் புண் எவ்வளவு ஆழம், என்ன நிறம் என்று டொக்டருக்குத் தெரியாது. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன்பு வீட்டில் கிடக்கிற கிறீமைப் பூசிக்கொண்டு போகாதீர்கள். சாப்பாடு சுற்றுகிற மெல்லிய பொலித்தீனை, இறுக்கிச் சுற்றாமல் மேலே விரித்துக்கொண்டு போனால் போதும்.

கிறீம் எல்லாருக்கும் ஆகாது. சல்பா மாத்திரை ஒத்துவராதவர், பிரசவம் நெருங்கியவர், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை ஆகியோருக்குப் பூசக் கூடாது. ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் சிவப்பு இரத்த அணுக்கள் சிதையக்கூடிய பரம்பரைக் குறை), ஈரல் அல்லது சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். பெரிய பரப்பில் பூசினால் வெள்ளை இரத்த அணுக்கள் குறையலாம் என்பதால் இரத்தம் சோதிப்பார்கள். தோல் சாம்பல் நிறமாக மாறக்கூடும், அதனால் முகத்துக்குத் தவிர்ப்பது நல்லது. கிறீமே கறுத்திருந்தால் எறிந்துவிடுங்கள். ஒருவருடைய டப்பாவில் இன்னொருவர் விரல் விடக் கூடாது. லயத்தில் மருந்து கை மாறுவது சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

பரபின் கோஸ் என்பது மெழுகெண்ணெய் ஊறிய வலைத்துணி, கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அதில் இல்லை. சுத்தமாக்கிய புண்ணின் மேல் இரண்டு மடிப்பாக வைத்து, மேலே நீர் உறிஞ்சும் சாதாரணக் கோஸ், அதற்கு மேல் பண்டேஜ். என் கையை முதலில் 48 மணித்தியாலம் கழித்துத்தான் பிரித்தார்கள், பிறகு மூன்று நாளுக்கு ஒரு தடவை. மொத்தம் நாலே கட்டு. தேய்த்துக் கழுவவில்லை, பேர் குறையவில்லை. துணியை எடுத்ததும் புண்ணின் நிறம் அப்படியே தெரிந்தது, நல்லபடி ஆறுகிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன். 12ஆம் நாள் தோல் மூடிவிட்டது.

குறையும் உண்டு. நாள் கடந்தால் துணி காய்ந்து, வலைக்கண்ணுக்குள் புதுத் தோல் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது கட்டில் ஓர் ஓரம் ஒட்டியிருந்தது. கொதித்து ஆறிய தண்ணியால் நனைத்து, ஊற விட்டுத்தான் எடுத்தோம், இழுத்திருந்தால் தோலும் கூடவே வந்திருக்கும். மேல் துணி நனைந்தால் மூன்று நாள் என்று கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

அம்மாவுக்கு ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதை என் 12 நாளோடு வைத்துக் கிறீம் மோசம் என்று சொன்னால் அது நியாயமில்லை. அவருடைய புண் பெரிது, ஆழமும் கூட, சீனி வருத்தம் வேறு. 2013இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல சோதனைகளைச் சேர்த்து எடைபோடுவது), சில்வர் சல்பாடயசின் பூசிய புண்கள் பல புதுவகைக் கட்டுகளை விட மெதுவாகவே ஆறின என்கிறது. ஆனால் அதற்கு ஆதாரமான சோதனைகளின் தரம் குறைவு என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. அந்தக் கட்டுகளில் பல விலை கூடியவை, நான் போட்ட பரபின் கோஸ் மாதிரி அல்ல. ஆழமான புண்ணையும் கிருமி ஏறிய புண்ணையும் கோஸ் மட்டும் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அங்கே டொக்டர் கிறீமைத் தந்தால் மறுக்காமல் வாங்கி, சொன்னபடி தினமும் கழுவிப் பூசுங்கள்.

விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையை விடப் பெரிய புண், முகம், கைவிரல், பாதம், மூட்டு, மறைவிடம், வெளுத்தோ கருகியோ வலி தெரியாத இடம், கரண்ட், அசிட் என்றால் இந்த ஒப்பீட்டையே மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் சீனி வருத்தக்காரர்களையும் புண் சின்னதென்றாலும் காட்டுங்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட காலத்தையும் ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினால், வாடை வந்தால், காய்ச்சல் அடித்தால் அடுத்த கட்டு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

தோல் மூடிய பிறகு இரண்டு கைக்கும் ஒரே கவனிப்புத்தான். வெயில் படாமல் மூட வேண்டும், வறளாமல் வசலின் தடவ வேண்டும். அம்மா பழைய சட்டையின் முழுக்கையை வெட்டி உறை மாதிரி தைத்து மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தார். அதைத் துவைத்து எடுத்து வைத்திருந்தார், மார்கழியில் என் கைக்கும் அதுவே அளவாக இருந்தது.