பிடியைக் கழற்றிக் காட்டாத வாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் என் தாத்தா மடியை அவிழ்க்க மாட்டார். அவருடைய பேரன் நான், ஒசாகாவில் 2,80,000 யென் கொடுத்து, பாதி கண்ணில் படாத ஒரு வாளை வாங்கி வந்தேன்.

ஓராண்டாக இயாய்தோ, அதாவது உறையிலிருந்து வாளை உருவி வீசும் ஜப்பானியக் கலை, பழகுகிறேன். வகுப்பில் எங்கள் கையில் இருப்பது கூரில்லாத, துத்தநாக அலுமினியக் கலவை வாள். தொடங்குபவருக்கு அதுவே போதும், பதிவும் தேவையில்லை. எனக்குத்தான் உண்மையான கத்தானா, அதாவது கூருள்ள ஜப்பானிய நீள்வாள் மீது ஆசை. இன்னும் சில ஆண்டு பொறுக்கச் சொன்னார் சென்செய், எங்கள் ஆசிரியர். நான் பழம்பொருள் கடைக்குப் போனேன்.

எடோ காலத்து (1603–1868) வாள், பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டில் பெரிய கொல்லரின் கையொப்பம் இருக்கிறது என்றார் கடைக்காரர். காட்டுங்கள் என்றேன். பிடியைக் கழலாமல் பிடித்திருக்கும் மூங்கில் ஆணி பழையது, தட்டினால் உடையும் என்றார். உடைந்தால் வேறு மூங்கிலைச் சீவிச் செருகிக்கொள்ளலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஜப்பானில் வாள்களைப் பதிவு செய்யும் மாகாணக் கல்வி வாரியத்தின் சான்றிதழை நீட்டினார். முத்திரையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து சென்செய் அந்த ஆணியைத் தட்டினார். உடையாமல் வந்தது. சான்றிதழில் நீளம் 69.7 செ.மீ., ஆணித்துளை ஒன்று, கையொப்பம் உண்டு. கையில் இருந்ததோ 67 செ.மீ.கூட வரவில்லை. துளை இரண்டு. கையொப்பமே இல்லை. வேறொரு வாளின் சான்றிதழை இதற்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார் கடைக்காரர். ஜப்பானில் சான்றிதழ் வாளுக்கு உரியது, ஆளுக்கு அல்ல. பொருந்தாத வாளை வைத்திருப்பது சட்டச் சிக்கல். இன்னொன்றும் கற்றேன்: சான்றிதழ் பொருந்தினாலும் கையொப்பம் அசல் என்று அது உறுதி சொல்லாது. அதற்கு 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டுத் தாள் போன்றது வேண்டும்.

அதோடு முடியவில்லை. விளக்கடியில் சாய்த்தபோது வெட்டும் விளிம்பிலிருந்து மேல்நோக்கி முடியிழை போல ஒரு விரிசல். ஹாகிரே என்கிறார்கள். துருவைச் சாணைக்காரர் எடுத்துவிடுவார். இதற்கு மருந்தில்லை, வீசும்போதே முறியலாம். வீட்டுக்குள் தினமும் அதைத்தான் வீசிக்கொண்டிருந்தேன்.

பராமரிப்புப் பெட்டி என்று 6,000 யென்னுக்கு ஒன்றைத் தலையில் கட்டி, தினமும் சாணைக்கல் பொடி தட்டித் துடைக்கச் சொன்னதும் கடைக்காரர்தான். மட்டமான பொடி மெருகு முழுவதும் மெல்லிய கீறல்களைப் போட்டுவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய எண்ணெயை மென்தாளால் துடைத்து, கிராம்பு மணக்கும் சோஜி எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதுமாம். அலகில் விரல் படக்கூடாது. அடித்தண்டின் கருந்துருவை நான் தேய்க்கப் போனபோது சென்செய் கையைப் பிடித்துவிட்டார். வாளின் வயதைச் சொல்வதே அந்தத் துருதான்.

கடைக்காரர் இப்போது “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார். வாங்கிய 20 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதால் கல்வி வாரியத்தை அழைத்து உள்ளதைச் சொன்னேன். வாளை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஆய்வு. அதுவரை எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். துருப்பிடித்தால் அந்தப் பழியும் என் தலையில் விழும்.