மேஜிக் கிங்டம்: விடிகாலையா, டாலரா, வரிசையா?

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம் என்று சொன்ன அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் கேள்வி, "லைட்னிங் லேன் வாங்கிட்டீங்களா?" காசு கொடுத்தவர்கள் நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏறும் தனி வழி அது. வாங்கிப் போய் வந்தவர், வாங்காவிட்டால் டிக்கெட் காசே தண்டம் என்பார். வாங்காமல் போனவர், "அதெல்லாம் பகல்கொள்ளை, காலைல சீக்கிரம் போனா போதும்" என்பார். இரண்டு பேருமே அவரவர் போன நாளையும் பார்க்கையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். டிஸ்னி வேர்ல்டில் இருப்பது நான்கு பார்க். ஒவ்வொன்றிலும் கூட்டம் வேறு மாதிரி சேருகிறது, வேறு மாதிரி கலைகிறது. மொத்தமாக நாலு நாளுக்கும் வாங்குவதா, வேண்டாமா என்று யோசித்தால் எந்தப் பதில் வந்தாலும் பாதி தப்பாகத்தான் இருக்கும். என் கணக்கில் காசு கொடுக்க வேண்டிய இடம் மேஜிக் கிங்டம். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் நாளைப் பொறுத்தது. மற்ற இரண்டான எப்காட்டுக்கும் அனிமல் கிங்டத்துக்கும் அலாரம் வைத்தாலே போதும்.

ஏன் மேஜிக் கிங்டம்? அங்கே ரைடுகள் அதிகம். அதைவிட முக்கியம், அவற்றில் பல 1971-இல் பார்க் திறந்த காலத்து வடிவமைப்பு, மணிக்குக் கொஞ்சம் பேரைத்தான் ஏற்றும். பீட்டர் பேன் ரைடைப் பாருங்கள். பயமும் இல்லை, வேகமும் இல்லை. குட்டிக் கப்பலில் லண்டன் மேல் பறக்கிற மாதிரி மூன்று நிமிடம் கூட ஓடாது. ஆனால் ஒரு கப்பலில் ஏறுவது இரண்டு மூன்று பேர். அதனால் பகலில் ஒரு மணி நேரக் காத்திருப்பு அங்கே சர்வசாதாரணம். அதே பார்க்கில் பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன், படகு படகாக ஆட்களை விழுங்கிக்கொண்டே இருக்கும். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகரும். ஹான்டட் மேன்ஷனும் அப்படித்தான், ஓடுகிற வண்டியில் நிற்காமல் ஏற்றுவார்கள். ரைடு எவ்வளவு பிரமாதம் என்பதோடு, மணிக்கு எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதும் சேர்ந்துதான் வரிசையை நீட்டுகிறது. இது பிடிபட்டால் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

விடிகாலைக்காரர்கள்

டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்கு (சில கூட்டாளி ஹோட்டல்களுக்கும் உண்டு) எல்லா நாளும், நான்கு பார்க்கிலும், அரை மணி நேரம் முன்னதாக அனுமதி. 9 மணிக்குத் திறக்கும் நாள் என்றால் அவர்களுக்கு 8.30. அரை மணிதானே என்று தோன்றும். அந்த அரை மணியோடு அதற்குப் பின்வரும் முதல் ஒரு மணியையும் சேர்த்தால், நடுப்பகலில் மூன்று மணி நேரம் நின்று முடிக்க வேண்டியதை முடித்துவிடலாம். 11 மணி வாக்கில் வரிசைகள் ஏறிவிடும், மாலை நாலு ஐந்து வரை இறங்காது.

மேஜிக் கிங்டத்தில் ஒரு சிக்கல் உண்டு, புதிதாகப் போகிறவர்கள் பலருக்கும் தெரியாது. காரை நிறுத்தும் இடம் பார்க் வாசல் அல்ல. நிறுத்திவிட்டு, டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டரில் பை சோதனை முடித்து, ஏரியைத் தாண்ட மோனோரெயிலோ படகோ பிடிக்க வேண்டும். ஸ்ட்ரோலர், பாட்டி, டயப்பர் பை எல்லாவற்றோடும் இதற்கு முக்கால் மணி நேரம் போகும். வாசலில் எட்டு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் பார்க்கிங்கிற்குள் ஏழேகாலுக்கு நுழைய வேண்டும். டிஸ்னி ஹோட்டல் பஸ்கள் நேரே வாசலருகே இறக்கிவிடும். வெளியே மலிவாக வீடு எடுத்தவர்கள் வாடகையில் மிச்சம் பிடிக்கிறார்கள், ஆனால் காலையில் இழப்பது இதைத்தான்.

வெளியே தங்கினால் காலை முயற்சி வீண் என்று அர்த்தமில்லை. முன்கூட்டி வருபவர்களுக்குத் திறப்பது ஃபேன்டசிலேண்டும் டுமாரோலேண்டும். இடதுபக்கம் அட்வென்ச்சர்லேண்ட் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் திறக்கிறது. ஹோட்டல்காரர்கள் செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் பக்கம் அடித்துக்கொண்டு ஓடட்டும். நீங்கள் கோட்டைக்கு முன் இடதுபக்கம் திரும்பி முதலில் ஜங்கிள் க்ரூஸில் ஏறுங்கள். பகலில் அந்தப் படகுக்கு நிற்பது பெரும் தண்டனை.

காலை வழிக்கு எதிராக ஒன்றே ஒன்று சொல்லலாம். இந்தியாவிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகாத அப்பா அம்மாவுக்கு விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், அவர்கள் தயார். எழுப்ப முடியாதது பதினாலு வயசுப் பையனைத்தான்.

டாலர்காரர்கள்

1999-இல் வந்த ஃபாஸ்ட்பாஸ், காகிதச் சீட்டு, இலவசம். 2014-இல் அது போனுக்கும் கைப்பட்டைக்கும் மாறியது, அப்போதும் இலவசம். 2020 மூடலோடு அது நின்றது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலரில் திரும்பி வந்தது. 2024 ஜூலையிலிருந்து பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். இப்போது விலை நாளுக்கு நாள், பார்க்குக்குப் பார்க் மாறும். மேஜிக் கிங்டத்தில் கூட்ட நாளில் ஆளுக்கு 30 டாலரைத் தாண்டும். மூன்று வயது முடிந்த குழந்தைக்கும் பெரியவர் விலைதான்.

மல்டி பாஸ் எடுத்தால் முன்கூட்டியே மூன்று ரைடுக்கு, உள்ளே நுழைய ஒரு மணி நேர அவகாசங்களைப் பிடித்து வைக்கலாம். முக்கியமான ரைடுகள் உள்ள முதல் பிரிவில் ஒன்றுதான் எடுக்க முடியும், மற்ற இரண்டும் அடுத்த பிரிவிலிருந்து. அனிமல் கிங்டத்தில் மட்டும் இந்தப் பிரிவு இல்லை. ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததை எடுக்கலாம், அப்போது பிரிவுக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் முதல் அவகாசத்தை எவ்வளவு காலையில் வைக்கிறோமோ அவ்வளவு லாபம். மூன்றையும் மாலைக்குத் தள்ளி வைத்துவிட்டு, "ஒண்ணுமே கிடைக்கல" என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ரைடை ஒரே நாளில் இரண்டு தடவை இதில் எடுக்க முடியாது.

பதிவு திறப்பது கிழக்கு அமெரிக்க நேரம் காலை 7 மணிக்கு. டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு, தங்கத் தொடங்கும் நாளுக்கு 7 நாள் முன்பு, தங்கும் நாட்கள் முழுவதுக்கும் சேர்த்து. மற்றவர்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்பு. கலிஃபோர்னியாவில் இருந்தால் விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் மச்சினனிடம் டிஸ்னி ஆப் கணக்கைக் கொடுத்தால் கோடைகாலத்தில் அவனுக்கு மாலை நாலரை மணி, டீ குடித்துக்கொண்டே பிடித்துக் கொடுப்பான். எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே கணக்கில் இணைந்திருக்கிறதா என்று மட்டும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

இந்தப் பாஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பீட்டர் பேன் வரிசையின் முனையில் நின்றால் கண்ணால் பார்க்கலாம். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட்காரர்களும் தர்ம தரிசனக்காரர்களும் கடைசியில் ஒரே வழியில் சேர்கிற மாதிரி, இங்கேயும் இரண்டு வரிசையும் ஏறுமிடத்துக்குச் சற்று முன் ஒன்றாகும். அங்கே ஒரு ஊழியர் நிற்பார். லைட்னிங் லேன் பக்கத்திலிருந்து ஒரு கொத்தாக ஆட்களை விடுவார், அப்புறம் நம் பக்கத்திலிருந்து இரண்டு குடும்பம், மறுபடி அந்தப் பக்கம் ஒரு கொத்து. முக்கால் மணி நின்றுவிட்டு, வந்த வேகத்திலேயே கடந்து போகும் குடும்பத்தைப் பார்க்கும்போது குழந்தை கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. காசு கொடுத்தவருக்கு நேரம் மிச்சமாகிறது என்பதோடு விஷயம் நிற்கவில்லை, கொடுக்காதவரின் நேரம் நீள்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிக்காதது இதுதான். பிடிக்காவிட்டாலும் டிசம்பர் கடைசி வாரம் போனால் நானும் வாங்கத்தான் செய்வேன்.

மல்டி பாஸில் சேராத ரைடுகள் தனி: மேஜிக் கிங்டத்தில் ட்ரான், எப்காட்டில் காஸ்மிக் ரீவைண்ட், அனிமல் கிங்டத்தில் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் போன்றவை. இவற்றுக்குச் சிங்கிள் பாஸ் என்று ரைடு ரைடாகக் காசு. ட்ரானில் ஏற 48 அங்குல உயரம் வேண்டும். குழந்தை அந்த உயரத்துக்கு வந்திருக்கிறதா என்று வீட்டிலேயே அளந்துவிட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் கடைசியில் வந்த பிரீமியர் பாஸில் நேரமே பிடிக்க வேண்டாம், எந்த ரைடுக்கும் தோன்றியபோது ஒருமுறை நுழையலாம். அறிவித்தபோதே ஆளுக்கு 129 முதல் 449 டாலர் வரை. நான்கு பேர் குடும்பம் அதைப் பற்றி விவாதிப்பதே நேரவிரயம்.

குடும்பத்தில் ஆறு பேர் போனால் ஆறு பாஸ் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாத்தா பாட்டி ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டரில் ஏறப் போவதில்லை. அவர்களுக்குப் பிடிப்பது பீப்பிள்மூவர், கரூசல் ஆஃப் ப்ராக்ரஸ், ஹால் ஆஃப் பிரெசிடென்ட்ஸ். பெரும்பாலான நேரம் வரிசை சின்னதாகத்தான் இருக்கும், பின்னவை இரண்டிலும் ஏசியும் நாற்காலியும் உண்டு. நான்கு பாஸோடு நிறுத்தினால் கூட்ட நாளில் அறுபது டாலருக்கு மேல் மிச்சம்.

காசில்லாத வழிகள்

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ரைடர் ஸ்விட்ச் இருக்கிறது. உயரம் போதாத குழந்தையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வருவார். பிறகு வெளியே இருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் லைட்னிங் லேன் வழியாகவே போகலாம். ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் போதும். இலவசம் என்பதாலோ என்னவோ, கேட்பவர்கள் குறைவு.

சிங்கிள் ரைடர் வரிசை, தனித்தனியே உட்காரத் தயார் என்பவர்களுக்கு. அனிமல் கிங்டத்தின் எவரெஸ்ட், எப்காட்டின் டெஸ்ட் ட்ராக் போன்ற சிலவற்றில் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மேஜிக் கிங்டத்தில் இதை நம்பிப் போக வேண்டாம்.

"அப்பாவுக்கு முட்டிவலி, அதைச் சொல்லி சீக்கிரம் போக முடியாதா?" என்றும் கேட்பார்கள். 2024-இல் விதி இறுகியது. மாற்றுத்திறனாளிகள் நீண்ட வரிசையில் நிற்காமல் போவதற்கான அனுமதி இப்போது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் பிரச்சினை உள்ளவர்களுக்குத்தான். முட்டிவலிக்கு வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் வரிசை அதே வரிசைதான்.

இன்னொன்று: பார்க் மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் நுழைந்தாலும் ஏற்றிவிடுவார்கள். பகலில் நீண்டு கிடந்த ரைடுக்கு, வாணவேடிக்கை முடிந்து எல்லோரும் வாசலை நோக்கிப் போகும் வேளையில் எதிர்த் திசையில் நடந்து போங்கள். பலகை சொல்லும் நேரத்தைவிடச் சீக்கிரமே ஏறிவிடலாம். நீங்கள் இறங்கி வெளியே வருவதற்குள் அந்தக் கூட்டமும் மோனோரெயிலில் கரைந்திருக்கும்.

எந்த நாள்?

நாளைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. தேங்க்ஸ்கிவிங் வாரம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, மார்ச் ஏப்ரல் பள்ளி விடுமுறை, இவை மூன்றும் உச்சம். நம்மவர்கள் அதிகம் போவதும் அப்போதுதான், லீவு கிடைப்பது அப்போதுதானே. செப்டம்பரில் லேபர் டே கழிந்ததும் கூட்டம் கண்கூடாகக் குறையும். வெயிலும் புயல் பருவமும் அதற்கான விலை.

அதிகம் பேசப்படாத ஒரு வாய்ப்பு, ஹாலோவீன் பார்ட்டி நாட்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் முடிய சில இரவுகளில் மேஜிக் கிங்டத்தில் தனி டிக்கெட்டோடு பார்ட்டி நடக்கும். அந்நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும். இரவு வாணவேடிக்கை கிடைக்காது என்று பலர் அந்த நாளையே தவிர்ப்பார்கள். அதனால் பகல் முழுக்க வரிசைகள் சின்னதாக இருக்கும். பார்ட்டி நாளன்று காலையில் மேஜிக் கிங்டம் போங்கள், பாஸ் வாங்காதீர்கள். வாணவேடிக்கை வேண்டுமென்றால் ஒரே நாளில் பார்க் மாறிப் போக அனுமதிக்கும் ஹாப்பர் டிக்கெட் இருப்பவர்கள் வேறொரு நாள் சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கும் இதே கணக்கு, ஆனால் டிசம்பரில் பலன் குறைவு.

கோடையில் போனால் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட நிச்சயம். இடி கேட்டதும் வெளிப்புற ரைடுகளை நிறுத்துவார்கள், பாதிக் கூட்டம் ஹோட்டலுக்குக் கிளம்பிவிடும். ஐந்து டாலர் மழைக்கோட்டை ஊரிலிருந்தே கொண்டுபோய், பிலார்மேஜிக் என்ற திரைப்பட அரங்கில் உட்கார்ந்து மழை விட்டதும் வெளியே வாருங்கள். நீங்கள் பிடித்து வைத்த ரைடு உங்கள் நேரத்தில் நின்றுபோனாலும் அந்தப் பாஸ் வீணாகாது. அன்றைக்குள் வேறு பல ரைடுகளில் செல்லும்படி மாற்றிவிடுவார்கள். மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. கவுண்ட்டர் கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள்.

மற்ற பார்க்குகள், பிறகு யுனிவர்சல்

அனிமல் கிங்டம் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். திறக்கும்போதே போய் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ், அடுத்து சஃபாரி என்று முடித்தால் மல்டி பாஸுக்கு வேலையே இல்லை. எப்காட்டில் பெரிய ரைடுகள் குறைவு, நாள் பாதி நாடுகளின் அரங்குகளைச் சுற்றி நடப்பதில் போகும். வேண்டுமானால் காஸ்மிக் ரீவைண்டுக்கு ஒரு சிங்கிள் பாஸ் வாங்குங்கள், அந்த நாளுக்கு அது போதும். ஹாலிவுட் ஸ்டூடியோஸ்தான் இழுபறி: ரைடுகள் குறைவு, ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கூட்டம், அதில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் அடிக்கடி பழுதாகி நிற்கும். விடுமுறை வாரமென்றால் வாங்குங்கள், செப்டம்பரென்றால் வேண்டாம்.

அதே ஆர்லாண்டோவில் இருக்கும் யுனிவர்சல் பார்க்குகளின் எக்ஸ்பிரஸ் பாஸ் டிஸ்னியுடையதைவிட எளிது. நேரம் பிடிக்கும் வேலை இல்லை, ஆப்பை நோண்டும் வேலை இல்லை, காட்டினால் உள்ளே. தனியாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு, அறையில் இருக்கும் எல்லோருக்கும், அது வாடகையிலேயே அடக்கம். ஒரே ஒரு இரவு தங்கினாலும் வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் செல்லும். நான்கு பேர் குடும்பம் ராயல் பசிஃபிக்கில் ஓர் இரவு எடுத்து இரண்டு நாள் ஓடுவது, தனியாக எட்டு பாஸ் வாங்குவதைவிட அநேகமாக எப்போதும் மலிவு. பதின்மவயசுப் பிள்ளைகள் இருந்தால் டிஸ்னியில் ஒரு நாளைக் குறைத்து இதில் போடுவேன். 2025 மே 22-இல் திறந்த யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பார்க்குக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அந்தப் பார்க்குக்காகவே போகிறவர்கள் விலை அதிகமான அந்த மூன்று ஹோட்டல்களில் அறை போட வேண்டியதில்லை.