1,850 ரூபாய்க்கு ஆல்ப்ஸ் மலையை விற்ற கடை: தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் உஷார்

இன்று காலையில்தான் அந்தக் கடைக்குக் கடைசியாகப் போய்விட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், கடைக்காரனுக்கு அதுதான் வேண்டும்.

அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான். வீட்டில் பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4, டிவியில் மாட்டி ஆடும் கேம் மெஷின்) இருக்கிறது. பனிச்சறுக்கு கேம் வேண்டும் என்றான். ஸ்டீப் என்று ஒன்று, 2016 டிசம்பரில் வந்தது. பழைய கேம் வாங்கி விற்கிற ஒரு சின்னக் கடை, பாதி மொபைல் ரிப்பேர், பாதி கேம். போனதுமே கடைக்காரன் ஸ்டூல் போட்டு, டீ சொல்லி, "நம்ம ஏரியா அண்ணா நீங்க, உங்ககிட்ட போய் லாபம் பாப்பனா" என்றான். அங்கேதான் விழுந்தேன். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே டிவியில் அந்த கேம், ஆல்ப்ஸின் மோன்ட் பிளாங்க் சிகரம். ஒருத்தன் உச்சியிலிருந்து விங்சூட்டில், அதாவது சிறகு வைத்த உடையில், குதித்துப் பாறை இடுக்கில் உரசிக்கொண்டு பறக்கிறான், அப்புறம் பாராகிளைடர், அப்புறம் ஸ்கீ, ஸ்னோபோர்டு. பையன் வாயை மூடவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான்.

மூன்று கேள்வி கேட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தாலே கேபிள் நெட் புட்டுக்கும், நெட் இல்லாமல் ஓடுமா? "சூப்பரா ஓடும்ணா." ரெண்டு பேர் ஒரே டிவியில் ஆடலாமா? "ரெண்டு ரிமோட் இருந்தா போதும்." ஒலிம்பிக்ஸ் இதில் வருமா? "எல்லாமே உள்ளேயே இருக்கு." டிஸ்க் கேட்டதற்கு, "டிஸ்க்குல கீறல் விழும்ணா, அக்கவுண்டாவே போட்டுத் தரேன், லைஃப்டைம்" என்றான். அதாவது டிஸ்க் கிடையாது, கேம் வாங்கி வைத்த வேறு யாருடையதோ அக்கவுண்டை நம் மெஷினில் போட்டுவிடுவது. 1,850 ரூபாய். ஸ்கேன் செய்து கட்டினேன். என் கண் முன்னாலேயே பிஎஸ்4-இல் ஏற்றி ஓட்டிக் காட்டினான். அவன் கடை வைஃபையில் ஓடியது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மூன்றும் பொய். இந்த கேம் தனியாக ஆடுவதற்கே நெட் கேட்கும், நெட் போனால் ஆட்டமும் போச்சு. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் ஆடும் வசதி இதில் கிடையவே கிடையாது, கூட ஆடுகிறவன் வேறு வீட்டில் வேறு மெஷினில்தான் இருக்க வேண்டும். தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்ஸும் ஜப்பான் மலைகளும் 2017 டிசம்பரில் தனியாகக் காசுக்கு வந்த பகுதி, எங்கள் வீட்டில் அதைத் தொட்டால் வாங்கச் சொல்லி நின்றது. இலவசமாகச் சேர்த்த அலாஸ்கா மட்டும் இருந்தது.

கேம் மேல் எனக்குக் கோபம் இல்லை. உச்சியிலிருந்து அடிவாரக் கிராமம் வரை எங்கும் நிற்காமல் சறுக்கிக்கொண்டே இறங்கலாம், புதுப் பனியில் நாம் போன தடம் அப்படியே கோடாக விழுகிறது, சறுக்கி முடித்ததை ரீப்ளேயில் வேறு கோணத்தில் திருப்பிப் பார்க்கலாம். போட்டிகள்தான் கொஞ்ச நாளில் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன, தங்கம் வாங்க அதே சரிவில் இருபது தடவை இறங்கியிருக்கிறான் பையன். கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை, சில இடங்களில் மலையே நம்மிடம் பேசும், எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் போட்டியை விட்டுவிட்டுச் சும்மா இறங்கிக்கொண்டிருப்பதே சுகம்.

பதினோராம் நாள் கேம் படத்தின் மேல் பூட்டு, திறக்கவே இல்லை. போன் செய்தேன். "சர்வர் டவுண்ணா, மூணு நாள்ல சரியாகிடும்." மூன்று நாள் கழித்து, "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அப்புறம் "அக்கவுண்ட் பாக்கிற பையன் ஊருக்குப் போயிருக்கான்." அப்புறம் போனையே எடுக்கவில்லை. விவரம் தெரிந்த ஒரு தம்பியிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு அக்கவுண்டை ஒரே ஒரு பிஎஸ்4-இல்தான் முதன்மையாக, அதாவது அதன் சொந்த மெஷினாக, வைக்க முடியும். வேறு எவனுக்கோ அதையே விற்று அவன் மெஷினில் முதன்மையாக்கினால் நம் வீட்டில் பூட்டு விழும். அந்த 1,850 ரூபாயை எத்தனை பேரிடம் வாங்கினானோ.

இன்று நேரில் போனேன். ஸ்டூலும் இல்லை, டீயும் இல்லை. "இந்த கேம் நெட் இல்லாம ஓடாதுண்ணா, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமே" என்கிறான், என்னிடமே! பூட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சில்லை. கடைசியில், "வேற கேம் எடுத்துக்குங்க, மேல ஒரு 600 போடுங்க போதும்." 1,850 போதாதென்று இன்னும் 600.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பையன் பக்கத்தில் நின்று "மாமா, காசு கிடைச்சுதா" என்கிறான், முடியவில்லை. டிஸ்க்காக வாங்குங்கள். அடுத்தவன் அக்கவுண்ட் வேண்டவே வேண்டாம், பெயர் நம்முடையது இல்லை என்றால் கம்பெனியிடம் போயும் பிரயோஜனம் இல்லை. ஓட்டிக் காட்டும்போது கடை வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். பில்லில் என்ன வாங்கினோம் என்று எழுதி வாங்குங்கள், எனக்குக் கொடுத்த சீட்டில் "கேம் 1 – 1,850" என்று மட்டும் இருக்கிறது, தேதிகூட இல்லை.