இடம் வாங்கித் தருவதா, தயார் செய்வதா?

நியூயார்க் அரசுப் பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையை நல்ல தனியார் பள்ளியில் சேர்க்க உதவும் இரண்டு அமைப்புகளைப் பார்ப்போம். 1963இல் தொடங்கிய 'எ பெட்டர் சான்ஸ்' கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் போன்றோருக்கு நாடு முழுவதும் உள்ள பள்ளிகளில் இடம் கிடைக்க வழிசெய்கிறது.

1978இல் வந்த 'பிரெப் ஃபார் பிரெப்' முதலில் பாடம் நடத்துகிறது. 14 மாதம்! இரண்டு கோடை விடுமுறை, நடுவில் சனிக்கிழமைகளும். மற்றவர்கள் பூங்காவில் ஆடும் ஜூலையில், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் பள்ளி. பாவம்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. சேர்வதைவிட, வசதியான பிள்ளைகள் நடுவே தயங்காமல் கை தூக்கிக் கேள்வி கேட்பதுதான் கஷ்டம். அதற்கான பழக்கம் இங்கே கிடைக்கிறது.

வீடு நியூயார்க்கில் இல்லையா? சரி, முதலாவதைத்தான் அணுக வேண்டும்.