சேஃப்டி ரேஸர் பழகுபவருக்கு ஏற்ற பிளேடு எது?

சென்ற ஆண்டு என் அக்கா மகன் வேலை கிடைத்து அம்பாசமுத்திரத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, முருகேஷ்பாளையாவில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டிலேயே தங்கினான். மூன்று பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேஸரால் தினமும் சவரம் செய்ததில், அவனுடைய தாடைக்குக் கீழே சிறுசிறு கொப்புளங்கள் எழுந்துகொண்டே இருந்தன. அடுக்கு பிளேடுகள் முடியை இழுத்துத் தோலின் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுவதால், வெட்டுப்பட்ட முடி வெளியே வர வழியின்றிச் சுருண்டு உள்ளேயே வளர்கிறது. சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். இதே தொல்லைக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒற்றைப் பிளேடு பொருத்தும் சேஃப்டி ரேஸருக்கு மாறியவன் நான். என்னிடம் கூடுதலாக இருந்த ஒரு ரேஸரை அவனிடம் கொடுத்தபோது, "மாமா, பிளேடு எது வாங்கட்டும்?" என்றுதான் அவன் முதலில் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே, அதன்பின் இருவரும் கண்டறிந்தவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவன் ஓ கிளாக் சூப்பர் பிளாட்டினம், அதாவது அந்தப் பெயரில் வருபவற்றுள் கறுப்பு அட்டையில் இருப்பது, பழகுபவருக்கு முதல் பிளேடாக மிகவும் பொருந்துகிறது. ஐந்து பிளேடு கொண்ட பாக்கெட்டுகளில் இரண்டை வாங்கி, அவை தீரும்வரை வேறு எந்தப் பிளேடையும் தொடாமல் இருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் சவரம் செய்பவர் ஒரு பிளேடை நான்கு முறை பயன்படுத்தினால் ஒரு பாக்கெட் 40 நாள் வரும். இரண்டு பாக்கெட் 80 நாள். கை பழகுவதற்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது என்பதால்தான் இந்தக் கணக்கு.

நான் இதற்கு நேர்மாறாகத் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டு பிராண்டுகளில் இரண்டிரண்டு பிளேடுகளைச் சேர்த்து மாதிரித் தொகுப்பாக இணையத்தில் விற்கிறார்கள். எனக்கு ஏற்றது எது என்று விரைவில் தெரிந்துவிடும் என எண்ணி அதை வாங்கி, வாரம் ஒரு பிளேடாக மாற்றி, வெட்டுக்காயம் பட்டால் ஒரு குறிப்பும் படாவிட்டால் ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் ஒரே பிளேடு ஒரு வாரம் மிக நல்லதாகவும் அடுத்த வாரம் மிக மோசமானதாகவும் பதிவாகியிருந்தது. ரேஸரைப் பிடிக்கும் கோணம், கை கொடுக்கும் அழுத்தம், நுரையின் பதம் ஆகிய மூன்றும் அப்போது எனக்கு நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தன. தோசை வார்க்கப் பழகுபவர் தினமும் கல்லையும் மாற்றி மாவையும் மாற்றினால், தோசை ஒட்டியதற்கு எது காரணம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? மாதிரித் தொகுப்பு கை பழகியவருக்கு உதவும் பொருள். பழகத் தொடங்குபவர் அதை வாங்குவதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன்.

பிளேடுகளைப் பற்றிப் பேசுவோர் கூர்மையையும் மென்மையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. முடியை எவ்வளவு எளிதாக அறுக்கிறது என்பது கூர்மை. தோலின் மேல் எவ்வளவு உறுத்தாமல் நகர்கிறது என்பது மென்மை. இன்றைய பிளேடு குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகால் ஆனது. அதன் விளிம்பின் மேல் பிளாட்டினம் அல்லது குரோமியப் பூச்சும், அதற்கும் மேலே டெஃப்லான் வகைப் பூச்சும் ஏற்றப்படுகின்றன. வழுக்கிச் செல்லும் தன்மை பெரிதும் இந்த மேற்பூச்சிலிருந்தே வருகிறது. ஆகவே கூர்மையான பிளேடு மென்மையாகவும் இருக்கலாம். மழுங்கலான பிளேடு தோலைப் புண்ணாக்கவும் செய்யலாம். பயத்தால் கூர்மை குறைந்த பிளேடைத் தேடும் புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: அறுக்காத பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும், இழுத்தால் கை தானாகவே அழுத்தத் தொடங்கும், அழுத்தினால்தான் பெரும்பாலான காயங்கள் ஏற்படுகின்றன. கூர்மையிலும் மென்மையிலும் நடுவில் நிற்கும் ஒன்றை முதல் பிளேடாக நான் சொல்வது அதனால்தான்.

அந்தக் கறுப்பு அட்டைப் பிளேடு எங்கள் இருவருடைய முகத்திலும் அப்படி நடுவில்தான் நின்றது. கன்னத்தில் இழுக்கவில்லை, மோவாயின் கெட்டி முடியையும் இரண்டாம் சுற்றில் எடுத்துவிட்டது, கோணம் தவறினால் எரிச்சலாக உடனே உணர்த்தியதே தவிர, ஆழமாக வெட்டிவிடவில்லை. பழகுபவருக்கு இந்தக் கடைசிக் குணம் மிகப் பெரியது. அதே பெயரில் பச்சை, மஞ்சள் அட்டைகளிலும் பிளேடுகள் உண்டு. அவை வேறு வகைகள் என்பதால், பெயரை மட்டும் சொல்லிக் கடையில் கேட்டால் கையில் கிடைப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தயாராகிவந்த ஆஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினத்தை இரண்டாம் இடத்தில் வைப்பேன். அது இன்னும் சற்று வழுவழுப்பாக நகர்கிறது. அதையே முதல் பிளேடாகச் சொல்லாததற்கு ஒரே காரணம், எங்கள் தெருக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான். துருக்கியின் டெர்பி எக்ஸ்ட்ரா இவற்றைவிடச் சாதுவானது. மெல்லிய, அடர்த்தி குறைந்த தாடி உள்ளவர்களுக்குப் போதுமானது. ஜப்பானின் ஃபெதர், கூர்மைக்கு உலகெங்கும் பெயர் பெற்றது. அறுவை சிகிச்சைக் கத்திகளும் அதே நிறுவனம் தயாரிக்கிறது. பழகிய கையில் அது தரும் சவரத்துக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. முதல் மாதத்தில் அதைப் பொருத்தியபோது கழுத்தில் மூன்று இடங்களில் எனக்குக் காயம்பட்டது. தவறு முழுவதும் என் கையினுடையது. ஆறு மாதம் கழித்து அதே பிளேடு ஒரு கீறலும் இல்லாமல் வேலை செய்தது.

இனி, பெங்களூரில் இருப்பவர்கள் பிளேடைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். அக்கா மகன் பழகத் தொடங்கிய மூன்றாம் வாரம், பிளேடு இழுக்கிறது, வேறு வாங்கலாம் என்றான். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனவன், ஏற்கெனவே மூன்று முறை பயன்படுத்திய அதே பிளேடைத்தான் எடுத்துப்போயிருந்தான். அங்கே தாமிரபரணித் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துச் சோப்பில் சுழற்றியதும் நுரை கெட்டித் தயிராகத் திரண்டதாகவும், நான்காம் சவரம் முதல் சவரத்தைவிட நன்றாக இருந்ததாகவும் தொலைபேசியில் சொன்னான். எங்கள் வீட்டுத் தொட்டியில் விழுவது காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்தது; கோடையில் டேங்கர் தண்ணீரும் சேர்ந்துவிடும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருக்கும். அவை சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகப் படிவதால், நுரைக்குப் போக வேண்டிய சோப்பு அதிலேயே செலவாகிவிடுகிறது. எஞ்சும் நுரை மெலிந்து, பாதிக் கன்னம் முடிவதற்குள் அடங்கிப்போகிறது. அதன்மேல் எந்தப் பிளேடை ஓட்டினாலும் உறுத்தத்தான் செய்யும்.

இதற்காகப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் அரைச் சொம்பு எடுத்துச் சூடாக்கி, பிரஷ் நனைக்கவும் நுரை கூட்டவும் அதை மட்டும் பயன்படுத்தினால் போதும். முகம் கழுவவும் ரேஸரை அலசவும் குழாய்த் தண்ணீரே ஆகும். 2024 மார்ச்சில் நகரமெங்கும் போர்வெல்கள் வற்றித் தண்ணீருக்கு அலைந்த நாட்களிலும் இந்த அரைச் சொம்பை என்னால் ஒதுக்க முடிந்தது. முடி இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறினால் அதை அறுக்கத் தேவையான விசை நன்றாகக் குறைந்துவிடும் என்பதால், குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது நல்லது. என் அனுபவத்தில், சாதாரணப் பிளேடுக்கும் உயர்ந்த பிளேடுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைவிட, உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரியது.

ஒரு பிளேடு எத்தனை சவரத்துக்கு வரும் என்பது முடியைப் பொறுத்தது. மூன்றிலிருந்து ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். என் தாத்தா ஒரே பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்து, மாதக்கணக்கில் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். 1960களுக்கு முன் வந்தவை கார்பன் எஃகுப் பிளேடுகள்; எளிதில் துருப்பிடிப்பவை; அவற்றைத் துடைத்து உலர்த்தி வைப்பதும் தீட்டுவதும் அந்தக் காலத்துக்குச் சரியான பழக்கங்கள். இன்றைய பிளேடைத் துணியால் துடைத்தாலோ தம்ளரில் தேய்த்தாலோ விளிம்பின் மேற்பூச்சு கெட்டுவிடும். தண்ணீரில் அலசி உதறி வைத்தாலே போதும். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி பிளேடை எப்படிக் கெடுக்கிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார்கள். விளிம்பு சீராகத் தேய்வது குறைவு என்பதையும், முடி வளைந்து சாய்வாக மோதும் இடங்களில் எஃகின் நுண்ணிய அமைப்பு சீரற்றிருந்தால் அங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்துபோவதையும் அவர்கள் கண்டார்கள். நேற்றுவரை நன்றாக இருந்த பிளேடு இன்று திடீரென்று கீறுவது ஏன் என்பது இதைப் படித்தபின்தான் எனக்கு விளங்கியது. அப்படிக் கீறத் தொடங்கிய பிளேடை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். விலையைப் பார்க்கக் கூடாது. ஒரு கார்ட்ரிட்ஜின் விலைக்கு இந்தப் பிளேடுகளில் இருபதாவது வாங்கிவிடலாம்.

வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. பெயர் பெற்ற பிராண்டின் அட்டையில் போலிப் பிளேடு வருவதுண்டு. நான் இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு பெட்டியில் அச்செழுத்துகள் மங்கியும், உறைத்தாள் கோணலாக மடிக்கப்பட்டும் இருந்தன. முதல் இழுப்பிலேயே கன்னம் எரிந்தது. பழகாதவருக்கு இது போலியின் குற்றமா தன் கையின் குற்றமா என்று பிரித்தறிய வழியே இருக்காது. உள்ளூர்ப் பிளேடுகளுக்கு, அல்சூர் பஜார் போன்ற இடங்களில் விற்பனை வேகமாக நடக்கும் சாதாரண மருந்துக்கடையோ மளிகைக்கடையோ போதும். அட்டையில் வரிசையாகத் தொங்கும் பாக்கெட்டுகளிலிருந்து கிழித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுப் பிளேடுகளைத்தான் இணையத்தில் வாங்க நேர்கிறது. அங்கே வழக்கத்துக்கு மாறாக விலை குறைந்திருந்தால் விட்டுவிடுவது நல்லது.

ரேஸரைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. 1903இல் ஜில்லெட் நிறுவனம் தன் முதல் ரேஸர்களை விற்ற நாளிலிருந்து கைப்பிடியும் தலையும் எத்தனையோ விதமாக மாறியிருந்தாலும், ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரட்டை முனைப் பிளேடு பல பத்தாண்டுகளாக ஒரே வடிவத்தில் நிலைத்துவிட்டது. எந்த நாட்டுப் பிளேடும் எந்த ரேஸரிலும் பொருந்தும் என்பதால்தான் இப்படித் தேர்ந்தெடுக்கும் வசதியே நமக்குக் கிடைத்திருக்கிறது. சீப்புப் பல் இல்லாத, மூடிய விளிம்புள்ள, கொஞ்சம் கனமான ரேஸராக இருந்தால் பழகுவது எளிது. பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் படும்படி பிடித்து, ரேஸரின் எடையே வேலையைச் செய்யட்டும் என்று கையைத் தளர விட வேண்டும். முதல் மாதம் முழுவதும் முடி சாயும் வாட்டத்திலேயே மழிப்பது போதும். எதிர்வாட்டமாக மழித்து வழவழப்பைத் தேடுவது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். கழுத்தில் கொப்புளம் வருபவர்கள் அதைச் செய்யாமலே இருக்கலாம்.

அக்கா மகன் இரண்டு பாக்கெட்டையும் தீர்த்தபோது கழுத்துக் கொப்புளங்கள் பெரும்பாலும் அடங்கியிருந்தன. அதன்பின் ஆஸ்ட்ராவை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, வேறுபாடு தெரிகிறது, ஆனாலும் பழையதே போதும் என்று கறுப்பு அட்டைக்கே திரும்பிவிட்டான். ஃபெதரைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கலாம் என்றிருக்கிறான். என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவனுக்காக வைத்திருக்கிறேன். தேய்ந்த பிளேடுகளை இருவரும் பழைய காப்பித்தூள் டப்பா ஒன்றின் மூடியில் கீறிய துளை வழியாகப் போட்டுவருகிறோம். டப்பா நிறைந்ததும் மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி, உள்ளே பிளேடு என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, குப்பை எடுக்க வரும் அம்மாவிடம் சொல்லியே கொடுக்கிறோம். வெறும் கையால் தரம் பிரிக்கும் அவருடைய விரல்களில் அவை பட்டுவிடக் கூடாது.