உறைந்த சுண்டெலி வாங்கினால் பையின் அடியைப் பாருங்கள்

டல்லாஸ் பக்கம் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பை வளர்க்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பாம்புக்குத் தீனியாக உறைந்த எலியை அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்குகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

பாம்பு என் மகளுடையது. வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டதால், ஒரு ஸ்ட்ரிப் மால் கடையில் ஒரு பை ஹாப்பர் (முடி முளைத்த சுண்டெலிக் குட்டி) வாங்கினேன். கடைக்காரரே எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். மேலே இருந்த எலிகள் தனித்தனியாகத்தான் இருந்தன. முதல் எலியைப் பாம்பு உடனே விழுங்கியது. மூன்றாம் நாள் பாதி செரித்த நிலையில் கக்கிவிட்டது. அந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

பையைக் கொட்டிப் பார்த்தால், அடியில் இருந்தவை ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன, சுற்றிலும் இளஞ்சிவப்பாக ஐஸ். ஒன்றை உருக்கினேன். வயிறு பச்சை நிறம், தொட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒருமுறை உருகிக் கெட்டதைத் திரும்ப உறைய வைத்து விற்றிருக்கிறார்கள். கடைக்குப் போனபோது, ஃப்ரீசர் நின்றுபோயிருந்ததை அங்கே வேலை பார்க்கும் பையனே சொன்னான். முதலாளியோ, “உங்கள் தொட்டியில் சூடு போதவில்லை” என்று ஒரே பிடியாக நின்றார். சூடு குறைந்தால் பாம்பு கக்கும் என்பது உண்மைதான், அதனால்தான் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். எங்கள் தொட்டியில் சூடான பக்கம் 86 டிகிரி ஃபாரன்ஹீட், தெர்மோஸ்டாட் வைத்தது. பணமும் திருப்பித் தரவில்லை.

அதைவிடக் கோபம் வந்தது அடுத்து அவர் சொன்னதில்தான். “உயிருள்ள எலி தருகிறேன், ராத்திரி உள்ளே விட்டுவிடுங்கள், பசித்தால் தின்னும்.” கக்கிக் களைத்த பாம்புக்கு இரை தேடும் தெம்பு இருக்காது. பசித்த எலிதான் பாம்பைக் கடிக்கும். கண்ணையும் முதுகையும் எலி கொறித்துப் புண்ணான பாம்புகளை ஊர்வன பார்க்கும் எந்த டாக்டரும் பார்த்திருப்பார். எங்கள் டாக்டர் இரண்டு வாரம் ஒன்றும் கொடுக்க வேண்டாம், பிறகு ஒரு சின்ன பிங்கியில் (முடி முளைக்காத பச்சிளம் எலிக் குட்டி) தொடங்குங்கள் என்றார். அவருடைய பில் எலிப் பையின் விலையைப்போலப் பல மடங்கு.

வாங்கும்போது பையைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். கட்டி, நிறம் மாறிய வயிறு, ரத்த ஐஸ் எது இருந்தாலும் வேண்டாம். எலியின் பருமன் பாம்பின் உடம்பு தடித்த இடத்தின் அளவே போதும். ராத்திரி ஃப்ரிட்ஜில் உருகவிட்டு, அப்புறம் மூடிய பையோடு வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நீள இடுக்கியால் கொடுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. உருகியதைத் திரும்ப உறைய வைக்கவும் வேண்டாம்.

உறைய வைத்தால் சால்மொனெல்லா சாகாது. 2010-இல் அமெரிக்காவில் உறைந்த எலிகளால் ஆட்களுக்கே நோய் வந்து, விற்ற எலிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இட்லி மாவு இருக்கும் ஃப்ரிட்ஜில் இதை வைக்காதீர்கள். நாங்கள் கராஜில் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசரும் ஃப்ரிட்ஜும் வைத்திருக்கிறோம். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள் எலியையும் பாம்பையும் தொட வேண்டாம்.

பில்லையும் படங்களையும் சேர்த்து கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். அண்மையில் இங்கே ஸ்ட்ரிப் மால் கடையில் ஹாப்பர் வாங்கியவர்கள் தனிச் செய்தி அனுப்புங்கள், எந்தக் கடை என்று சொல்கிறேன். அதுவரை அந்தப் பையிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள்.