ஐயெஸ்டே மூலமா போலந்து போய் வந்தேன்: இது ஏஜென்சி இல்லப்பா, மொய் கணக்கு

ஜூனியர் பசங்க வாரத்துக்கு ஒருத்தராவது கேட்டுடறாங்க, "அண்ணா ஐயெஸ்டேன்னு ஒன்னு இருக்காமே, எவ்ளோ கட்டினா யூரோப் அனுப்புவாங்க, ஜெர்மனி கிடைக்குமா"ன்னு. கேள்வியிலயே கோளாறு. காசு கட்டினா சீட்டு வாங்கிக் குடுக்கற கன்சல்டன்சின்னு நினைச்சு உள்ள வந்தீங்கன்னா கண்டிப்பா கடுப்பாவீங்க, நானும் முதல் செமஸ்டர்ல அப்படித்தான் நினைச்சேன்.

நான் போனது 2019 சம்மர், போலந்துல கிராகூவ், எட்டு வாரம். மெக்கானிக்கல், அப்ப மூணாவது வருஷம். காலேஜ் பேர் சொல்லப்போறதில்ல, அங்க ஐயெஸ்டே வேலை பாக்கற ஸ்டூடன்ட் கமிட்டியைப் பத்தி கொஞ்சம் திட்டியும் இருக்கேன், பசங்க எல்லாம் இப்ப நல்ல வேலைல இருக்காங்க, எதுக்கு வம்பு.

முதல்ல இந்த ஐயெஸ்டே (IAESTE) என்னன்னு சொல்லிடறேன். தொழில்நுட்பம் படிக்கற பசங்களை நாடு விட்டு நாடு ட்ரெயினிங்குக்கு மாத்தி அனுப்பற சங்கம். 1948 ஜனவரில லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஆரம்பிச்சாங்க, ஜேம்ஸ் நியூபின்னு ஒருத்தர் முன்கை எடுத்தார், பத்து ஐரோப்பிய நாடுங்க சேர்ந்துச்சு. போர் முடிஞ்சு மூணு வருஷம்கூட ஆகாத நேரம், நேத்து வரைக்கும் குண்டு போட்டுக்கிட்டிருந்த கண்டத்துல இன்ஜினியரிங் பசங்களை லீவுக்கு அடுத்த நாட்டு ஃபேக்டரிக்கு அனுப்பலாம்னு யோசிச்சதே பெரிய விஷயம்தான். இப்ப 80க்கு மேல நாடுங்க இருக்கு. லாப நோக்கம் கிடையாது, லக்சம்பர்க்ல பதிவு பண்ணியிருக்காங்க. எல்லா நாட்டுலயும் ஸ்டூடன்ட்ஸே நடத்தறாங்கன்னு சொல்ல முடியாது, அமெரிக்கால கல்ச்சுரல் விஸ்டாஸ்னு ஒரு அமைப்பு பாத்துக்குது, ஆனா போலந்து, ஆஸ்திரியா மாதிரி இடங்கள்ல ஊருக்கு ஊர் லோக்கல் கமிட்டி வச்சு காலேஜ் பசங்கதான் எல்லா வேலையும் பாக்கறாங்க. சம்பளம் வாங்காம.

இப்ப மொய் விஷயத்துக்கு வரேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். கல்யாண மண்டப வாசல்ல மேஜை போட்டு நோட்டு விரிச்சு ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்கல்ல, நீ அவங்க வீட்டு விசேஷத்துக்கு 500 எழுதினா அவங்க உன் வீட்டு விசேஷத்துக்கு 500 எழுதணும், அதே கணக்குதான் இங்கயும். நம்ம ஊர் கம்பெனிகிட்ட பேசி வெளிநாட்டுப் பையன் ஒருத்தனுக்கு இன்டர்ன்ஷிப் வாங்கினா, அதுக்கு பதிலா நம்ம பையன் ஒருத்தனுக்கு வெளிநாட்டுல ஒன்னு. ஒன்னுக்கு ஒன்னு. வருஷா வருஷம் ஜனவரில ஆண்டுக் கூட்டம் நடக்கும், நாடு நாடா உக்காந்து உனக்கு எத்தனை எனக்கு எத்தனைன்னு மாத்திப்பாங்க. மொய் எழுதாத வீட்டுக்கு மொய் வராது, அவ்ளோதான். "ஜெர்மனி கிடைக்குமா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "நாம எத்தனை ஆஃபர் பிடிச்சிருக்கோம்"னு கேளுங்க.

அந்த ஆஃபர் பிடிக்கற வேலைக்கு ஜாப் ரெய்சிங்னு பேர். செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இதுதான் பொழப்பு. நானும் இன்னொருத்தனும் அயர்ன் பண்ண சட்டை போட்டு, கோயம்புத்தூர்ல பம்ப் செட்டுக்கு காஸ்டிங் பண்ற ஃபவுண்ட்ரி ஃபவுண்ட்ரியா ஏறி இறங்கினோம். ஏழு இடத்துல வாட்ச்மேனோட சரி. எட்டாவது இடத்துல ஓனர் உக்கார வச்சு டீ குடுத்தார். நாங்க ப்ரோஷர் எடுத்து நீட்டி, கலாச்சாரப் பரிமாற்றம், உலகளாவிய பார்வைன்னு மனப்பாடம் பண்ணதை ஒப்பிச்சோம். முழுசா கேட்டுட்டு, "அதெல்லாம் சரிங்க தம்பி, அந்தப் பையன் நம்ம சோறு தின்பானுங்களா?"ன்னார். அதுக்கு ப்ரோஷர்ல பதில் இல்ல. தின்பான் சார்னு சொல்லிட்டோம். மாசம் பத்தாயிரம் குடுக்கணும், தங்க இடம் நாங்க பாத்துக்கறோம்னு சொன்னப்ப கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டு இருந்தார், அப்புறம் "வரச்சொல்லுங்க பாக்கலாம்"னார். பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வெளிய வந்து பைக்கை ஸ்டார்ட் பண்ணாமலேயே நின்னு சிரிச்சோம்.

எங்க கமிட்டில யார் ஆஃபர் பிடிச்சாங்களோ அவங்களுக்கு பாயின்ட், பாயின்ட் அதிகமா இருக்கறவங்க முதல்ல நாடு தேர்ந்தெடுக்கலாம். இது நியாயமான்னு கேட்டா, எனக்கு நியாயம்னுதான் படுது. 9.2 சிஜிபிஏ வச்சுட்டு கமிட்டி பக்கமே வராதவன் எனக்கு ஏன் கிடைக்கலன்னு கத்தினப்ப கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. கூச்ச சுபாவம் உள்ள பசங்களுக்கு கஷ்டம்தான், அதையும் சொல்லணும்.

அப்புறம் ஆஃபர் ஃபார்ம். ஒரே பக்கம், ஆனா எல்லாமே அதுலதான் இருக்கு. கம்பெனி, என்ன வேலை, எத்தனை வாரம், எந்த வருஷம் படிக்கறவன் வேணும், எந்த மொழி எந்த அளவுக்குத் தெரியணும், சம்பளம் அந்த நாட்டுப் பணத்துல எவ்ளோ, தங்க இடம் யார் பாக்கறாங்க, அதுக்கு சுமாரா எவ்ளோ ஆகும், சாப்பாடு உட்பட வாழ்றதுக்கு எவ்ளோ ஆகும். நான் என்ன பண்ணேன், சம்பளக் கட்டத்தை மட்டும் பாத்துட்டு 18ஆல பெருக்கி, அப்ப ஒரு ஸ்லோட்டி சுமார் 18 ரூபா, ஆஹா நம்ம ஊர்ல ஃப்ரெஷருக்கு குடுக்கற அளவு இருக்கேன்னு குதிச்சேன். அது பிடித்தத்துக்கு முந்தின தொகைன்னு அதே ஃபார்ம்லதான் போட்டிருந்துச்சு, பக்கத்து கட்டத்துல வாழற செலவும் போட்டிருந்துச்சு, ரெண்டையும் கழிச்சா மிச்சம் ஒரு ட்ரெயின் டிக்கெட் காசு. அந்த ஊர்ல உயிர் வாழ போதுமானதைக் குடுக்கறதுதான் இவங்க கொள்கையே, சேத்து வச்சு வீட்டுக்கு அனுப்பறதுக்கு இல்ல. ஃப்ளைட், விசா, இன்சூரன்ஸ் மூணும் நம்ம கைக்காசு. என்னோடது எங்கப்பா எஃப்டி உடைச்ச காசு.

இந்த இடத்துல ஐசெக் (AIESEC)னு இன்னொரு அமைப்பு இருக்கு, அது கூட குழப்பிக்காதீங்க. அதுவும் அதே 1948ல கருவானதுதான், அதையும் இளைஞர்களேதான் நடத்தறாங்க, ஆனா அதுல தன்னார்வ வேலைக்குப் போனா நீங்க கட்டணம் கட்டிப் போறீங்க, சம்பளம் கிடையாது. அதுக்கும் ஆள் இருக்கு, போய்ட்டு வந்து சந்தோஷமா இருக்கறவங்களும் இருக்காங்க. ஐயெஸ்டேல உங்க படிப்பு சம்பந்தப்பட்ட டெக்னிக்கல் வேலை, அதுக்கு கம்பெனி காசு குடுக்குது. ரெண்டும் வேற வேற சாப்பாடு.

நான் பிடிச்ச ஃபவுண்ட்ரி ஆஃபர் போலந்துக்குப் போச்சு, அங்கருந்து ஒரு ஆஃபர் வந்துச்சு, காஸ்டிங் மெட்டல் சாம்பிள் டெஸ்டிங்னு போட்டிருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டேன்னா கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல! இங்க நாமினேட் பண்ணுவாங்க, பேப்பர் எல்லாம் அங்க போகும், கம்பெனி பாத்துட்டு சரின்னா அக்செப்டன்ஸ் நோட் வரும், வேணாம்னும் சொல்லலாம். அது வர்ற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க, ஊர்ல சொல்லாதீங்க, முக்கியமா அத்தைகிட்ட சொல்லாதீங்க. எனக்கு அந்த பேப்பர்ஸ் எங்க கமிட்டி பையன்கிட்டயே ஒன்பது நாள் கிடந்துச்சு. அவனுக்கு செமஸ்டர் எக்ஸாம், ஹீட் ட்ரான்ஸ்ஃபர்ல அரியர் வேற, லேப்டாப்பையே தொறக்கல. கேட்டா "மச்சி சாரிடா, தெர்மோ முடிச்சுட்டு அனுப்பறேன்"ங்கறான். அவனை என்ன சொல்றது, சம்பளமா வாங்கறான். ஸ்டூடன்ட்ஸ் நடத்தற எல்லாத்துலயும் இந்தச் சிக்கல் உண்டு, உங்க ஃபைல் யார்கிட்ட இருக்கோ அவனுக்கும் உங்களுக்கும் ஒரே நாள்லதான் எக்ஸாம். வருஷா வருஷம் ஆளும் மாறிடும், போன வருஷம் கத்துக்கிட்டது பாஸ் அவுட் ஆகி போயிடும். அந்த ஒன்பது நாளால விசா அப்பாயின்ட்மென்ட் தள்ளி, பாஸ்போர்ட் கைக்கு வந்தது கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி, அதுக்குள்ள எங்கம்மா திண்டுக்கல்ல எல்லா கோயிலுக்கும் வேண்டிக்கிட்டாச்சு.

ஆனா அந்தப் பக்கம் இறங்கினதும் வேற உலகம். ராத்திரி பதினொன்னரைக்கு கிராகூவ் ஸ்டேஷன்ல ரெண்டு பசங்க அட்டைல பேர் எழுதிப் பிடிச்சு நின்னாங்க. எழுதியிருந்தது எங்கப்பா பேர். பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டத்துல அப்பா பேர்தானே இருக்கும் நமக்கு, அதை வச்சு ஹாஸ்டல் லிஸ்ட்ல, கம்பெனி கேட் பாஸ்ல, வாட்ஸாப் க்ரூப்ல எல்லாம் அதே பேர். முதல் நாள் திருத்திப் பாத்தேன், இனிஷியல்னா என்னன்னு விளக்கிப் பாத்தேன், ரெண்டாவது நாள் விட்டுட்டேன். எட்டு வாரம் நான் எங்கப்பாவா வாழ்ந்தேன். போன்ல சொன்னப்ப அவர் "அப்ப நான் வெளிநாடு போயிட்டேன்னு சொல்லு"ன்னு சிரிச்சார்.

தங்க வச்சது ஏஜிஹெச் யூனிவர்சிட்டி ஸ்டூடன்ட் டவுன்ல, வரிசையா ஹாஸ்டல் கட்டடம், ஹாஸ்டலுக்கு அங்க அகாடமிக்னு சொல்லுவாங்க. சிம் கார்டு, ட்ராம் பாஸ், எந்தக் கடைல அரிசி கிடைக்கும் எல்லாம் முதல் வாரமே அந்த கமிட்டி பசங்க கூடவே வந்து காட்டினாங்க, இதுக்கு சம்மர் ரிசப்ஷன்னு பேர், ஐயெஸ்டேக்கு நான் முழு மார்க் போடறது இதுக்குத்தான். வீக்எண்ட் ஆனா சேந்து ஒரு ட்ரிப், வியெலிச்கா உப்புச் சுரங்கம், ஜகோபானேன்னு ஒரு மலை ஊர், ஆளுக்கு அவங்கவங்க செலவு ஆனா டிக்கெட், பஸ் தேடற தலைவலி நமக்கு இல்ல. ஒன்னே ஒன்னு யாரும் சொல்லல, 2019ல மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை தவிர மத்த ஞாயிறுங்கள்ல பெரிய கடை எல்லாம் பூட்டிடுவாங்க, சட்டமே அப்படி. முதல் ஞாயிறு ஃப்ரிட்ஜ்ல ஒரு வெங்காயம்தான் இருந்துச்சு. மூலைல ஜாப்கான்னு பச்சை போர்டு சின்னக் கடை தொறந்திருந்துச்சு, அதான் காப்பாத்துச்சு.

சாப்பாட்டுக்கு மில்க் பார்னு பழைய கம்யூனிஸ்ட் காலத்து மெஸ் இருக்கு, கம்மி விலை. பியெரோகி ரூஸ்கியேன்னு கேட்டா கொழுக்கட்டைக்குள்ள உருளைக்கிழங்கும் சீஸும் வச்ச மாதிரி ஒன்னு வரும், சைவம்தான், ஆனா மேல பன்றிக் கொழுப்பு வறுத்துத் தூவிடுவாங்க, முன்னாடியே சொல்லிடணும். நாட்டுக்கு ஒரு சாப்பாடு சமைக்கற ராத்திரி ஒன்னு வச்சாங்க. நான் கஷா மன்னான்னு கடைல கிடைச்ச ரவைல உப்புமா கிண்டினேன். அது நம்ம ரவையை விட நைஸ், குழந்தைக்கு கஞ்சி வைக்கறது, கிண்டினா களி ஆயிடுச்சு. செர்பியா பையன் மூணு தடவை வாங்கித் தின்னான், உப்புமாவை விரும்பிக் கேட்ட ஒரே மனுஷன்.

இப்ப வேலை. கம்பெனி பேர் வேணாம், ஊருக்கு வெளிய, ட்ராமும் பஸ்ஸும் மாத்தி ஐம்பது நிமிஷம். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், இங்கிலீஷ் கம்மி, எது சொன்னாலும் டோப்ஷேன்னுவார், சரின்னு அர்த்தம். முதல் ரெண்டு வாரம் எனக்குக் குடுத்தது சாம்பிள் தேய்க்கற வேலை. வார்ப்பு இரும்புத் துண்டை எடுத்து 220 நம்பர் எமரி பேப்பர்ல தேய், அப்புறம் 400, 600, 800, 1200, ஒவ்வொரு பேப்பர் மாத்தறப்பவும் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பிடி, பழைய கோடு போற வரைக்கும் தேய், கடைசில டயமண்ட் பேஸ்ட் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கு. ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு துண்டு. தேய்ச்சு முடிச்சா இன்னொருத்தர் எடுத்துட்டுப் போய் மைக்ராஸ்கோப்ல பாப்பார், நான் அடுத்ததை எடுக்கணும். ஆஃபர் ஃபார்ம்ல டெஸ்டிங்னு போட்டது இதானாடான்னு ஆயிடுச்சு, விரல் நுனி ரேகையே போயிடுச்சு. பொறுத்துப் பாத்துட்டு கிராகூவ் கமிட்டி பொண்ணுகிட்ட சொன்னேன். அவ ஆர்க்கிடெக்சர் ரெண்டாவது வருஷம், வயசு இருபதுதான் இருக்கும், அடுத்த நாளே கம்பெனிக்கு போன் பண்ணி ஆஃபர் ஃபார்மை வரி வரியா படிச்சுக் காட்டியிருக்கா. மூணாவது வாரம் மைக்ராஸ்கோப் என் டேபிளுக்கு வந்துச்சு. நைட்டால் ஆசிட் தொட்டு எடுத்து லென்ஸ்ல வச்சா, நான் தேய்ச்ச அதே துண்டுல கிராஃபைட் கருப்பு கருப்பா புழு மாதிரி நெளிஞ்சு கிடக்கு, புக்ல பாத்த படம் அப்படியே. அதுக்கு மேல நல்ல வேலைதான் குடுத்தாங்க, கடைசில ரிப்போர்ட்டும் எழுதினேன், சர்டிஃபிகேட்டும் வந்துச்சு. அதனால சொல்றேன், வேலை ஃபார்ம்ல இருக்கற மாதிரி இல்லன்னா அங்க இருக்கற கமிட்டிகிட்ட முதல் வாரமே வாயைத் திறங்க, நான் ரெண்டு வாரம் வேஸ்ட் பண்ணேன்.

காசு விஷயம் இன்னொன்னு, முதல் சம்பளம் மாசக் கடைசிலதான் வரும், ரூம் வாடகை முன்னாடியே கட்டணும், அதனால ஒரு மாசச் செலவு கைல இல்லாம கிளம்பாதீங்க.

திரும்பி வந்து ஓனரைப் பாக்கப் போனேன். போலந்து பையன் வந்து ஆறு வாரம் இருந்துட்டுப் போயிட்டான். அவனும் தின்னானாம், ஓனர் வீட்டுல இருந்தே தினம் கேரியர் போயிருக்கு, ரசத்தை டம்ளர்ல கேட்டு வாங்கிக் குடிப்பானாம். மணல் கலவை ரெஜிஸ்டரை எக்செல்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான், அதை இன்னும் வச்சு ஓட்டறாங்க. "அடுத்த வருஷம் ரெண்டு பேர் அனுப்புங்க தம்பி"ன்னார். அவர்கிட்டயே கமிட்டி ஜூனியரை அறிமுகப்படுத்திட்டு வந்தேன், அதுக்கு மேல என் கைல இல்ல.

மார்க் கேட்டீங்கன்னா 5க்கு 3.5. ஒரு மார்க் எமரி பேப்பருக்கு கட், அரை மார்க் அந்த ஒன்பது நாளுக்கு.